வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே கணக்கு

நான் வேலை பார்த்த கணினிக் கடையின் பழுதுபார்க்கும் முகப்பில் இப்போது மனிதர் யாரும் உட்காருவதில்லை. ஒரு திரை நிற்கிறது. அதில் ஒரு பெண் முகம் சிரிக்கிறது. கணினியிலிருந்து புகை வருகிறது என்று தட்டினாலும், "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறேன்" என்று பதில் சொல்லுமாம். இதை எனக்குச் சொன்னவள் கவிதா. எனக்குக் கீழே ஒன்பது வருடம் வேலை செய்தவள். இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு; அதாவது, அந்தத் திரைக்கு.

"ஸ்டெல்லா அக்கா, ஒரு ஹெல்ப்லா. நீங்க கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவீங்கன்னு எழுதிக் குடுங்க. மெஷினுக்குப் படிக்கக் குடுக்கணுமாம். இருநூறு கேள்வி, இருநூறு பதில்."

"நான் பேசுனத படிச்சா ஒங்க மெஷினுக்கு ரெண்டே நாள்ல வேல போயிடும்டி."

"பரவால்லக்கா. கெட்ட வார்த்தைய அதுவே எடுத்துடுமாம்."

இருநூறு பதில் என்னிடம் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பதில்கள் ஐந்தாறு தேறும். அவற்றில் ஒன்று தப்பு. அந்தத் தப்பு நான் செய்தது. தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியதும் நான்தான். இயந்திரத்துக்கு எதையாவது படிக்கக் கொடுப்பதென்றால் அதைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு மாடி அறையில் ஆறு மாதம் படித்தேன். கணினி மூன்று, மாணவர் இருபத்திரண்டு. கணினியைத் தொட்ட நேரத்தைவிட, தூசு படாமல் அதை மூடியிருந்த உறையை மடித்து வைத்த நேரம் அதிகம். கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் அந்தக் கடைக்குப் போனேன். மேலாளர் சான்றிதழைப் பார்க்கவில்லை. ஒரு பழைய கணினியையும் திருப்புளியையும் தள்ளிவிட்டு, "கழற்றிய ஆணிகளை எங்கே வைப்பாய்?" என்று கேட்டார்.

"கழற்றிய வரிசையிலேயே வைப்பேன்" என்றேன்.

"நாளைக்கு வா" என்றார்.

அவர்தான் மிஸ்டர் தியோ. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்புவரை அவர்தான் எனக்கு மேலாளர். அவர் பேசியது ஆங்கிலமும் பினாங்கு மலாயும் கலந்த ஒன்று. இங்கே தமிழில் தருகிறேன். அரைக்கை வெள்ளைச் சட்டை போடுவார். பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று அவருக்கு, ஒன்று வாடிக்கையாளருக்கு. கணினியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், எங்களில் எவரும் உடனே கணினியைத் தொடக்கூடாது. முதலில் நாற்காலி. பிறகு மூன்று கேள்வி, இந்த வரிசையில்: கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உள்ளே இருப்பதில் எது போனால் உங்களுக்குத் தூக்கம் வராது? அது எப்போது வேண்டும்?

நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்ற கேள்வியை முதல் பத்து நிமிடத்துக்கு வாயில் எடுக்கக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தடவை எடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் போனதும் மிஸ்டர் தியோ என்னைக் கூப்பிட்டார்.

"சாவு வீட்டுக்குப் போனால், செத்தவர் நேரத்துக்கு மருந்து சாப்பிட்டாரா என்று கேட்பாயா?"

"கேட்க மாட்டேன்."

"இதுவும் அதுதான்."

அடுத்து, மஞ்சள் தாள். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு மஞ்சள் தாள் நிரப்ப வேண்டும். அதன் கடைசிக் கட்டம் 'பழுதின் காரணம்'. மற்றக் கடைகளில் இந்தக் கட்டத்துக்கு 'பயனர் தவறு' என்று ரப்பர் முத்திரையே வைத்திருந்தார்கள். மிஸ்டர் தியோ அந்த முத்திரையை வாங்க விடவில்லை. பயனர் தவறு என்று எழுதுவதற்கு முன்னால், அவர் எந்தப் பொத்தானை அழுத்தினார், அதில் என்ன எழுதியிருந்தது என்று எழுத வேண்டும். எழுதியதை அவர் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்த பிறகும் தவறு பயனருடையதுதான் என்று தோன்றினால் எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பொத்தான்களைச் சத்தமாகப் படித்துப் படித்துத்தான் எனக்குக் கணினி விளம்பரங்களைப் பற்றிய அபிப்பிராயங்கள் உருவாயின.

ஆரம்பத்தில் மென்பொருள் அட்டைப் பெட்டியில் வந்தது. சோறு வேகவைக்கும் சட்டி அளவுக்குப் பெட்டி. உள்ளே ஏழு வட்டும் மீதிக் காற்றும். பெட்டியின் மேல் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் ஒரே திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முப்பத்தோரு வருடத்தில் ஒரு குடும்பம் சேர்ந்து திரையைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டதில்லை. சேர்ந்து கடைக்கு வந்து, யார் எதை அழுத்தியது என்று சண்டை போட்டதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு பெட்டி போனது, காற்று மட்டும் நின்றது. எல்லாம் இலவசம் ஆனது. முப்பது நாள் இலவசம், முப்பத்தோராம் நாள் சிவப்பு எழுத்தில் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது". என் பார்வையில் அந்தக் கணினிக்கு இருந்த ஒரே ஆபத்து அந்த எழுத்துதான். 'எளிமையாக்கியிருக்கிறோம்' என்றால், நீங்கள் தினமும் தொடும் பொத்தானை வேறெங்கோ ஒளித்திருக்கிறோம் என்று பொருள். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்றால், நீங்கள் செய்வதை எட்டிப் பார்க்கப் போகிறோம். 'ஸ்மார்ட்' என்று பெயரில் இருந்தால் அதை அணைக்க முடியாது. மென்பொருளில் 'வேண்டாம்' என்ற பொத்தான் என்றைக்கு மறைந்தது என்று யாராவது ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கலாம். 'சரி' இருக்கும், 'பிறகு நினைவூட்டு' இருக்கும். சாப்பாட்டுக் கடையில் லாட்டரிச் சீட்டு விற்பவன்கூட ஒரு தடவை வேண்டாம் என்றால் அடுத்த மேசைக்குப் போய்விடுவான்.

கோலாலம்பூர்த் தலைமையகத்தில் விளம்பரப் பிரிவுக்கு எவலின் என்று ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை, எதையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், அவ்வளவுதான். பழுது என்றால் 'பயணத்தில் ஒரு தருணம்'. எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார். "நாம் கணினி விற்கவில்லை. நிம்மதியை விற்கிறோம்."

மிஸ்டர் தியோ கையைத் தூக்கினார். "நிம்மதிக்கு உத்தரவாதம் எத்தனை மாதம்? ரிப்பேருக்கு வந்தால் எந்தப் பாகத்தை மாற்றுவது?"

எவலின் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் கடைக் கண்ணாடியில் ஒரு பெரிய சுவரொட்டி வந்து ஒட்டிக்கொண்டது: 'வாங்கிய பத்தே நிமிடத்தில் தயார்!'

என் தப்பு இங்கேதான் தொடங்குகிறது.

புதுக் கணினியை முதல் தடவை திறந்தால், இணையத்தில் ஒரு கணக்கு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். மின்னஞ்சல் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், கைத்தொலைபேசிக்கு ஒரு எண் அனுப்பும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்பது கோலாலம்பூரில் இருக்கும் மகன் திறந்து கொடுத்த ஏதோ ஒன்று. மகன் வேலையில் இருப்பான், எடுக்க மாட்டான். ஒரு கணினிக்கு நாற்பது நிமிடம் ஆனது. கண்ணாடியில் பத்து என்று எழுதியிருந்தது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைக்கென்று என் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற விற்பனையாளன் ஜேசனின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். விற்கிற கணினி எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் திறந்தோம். வருகிற ஒப்பந்தம் அத்தனைக்கும் நாங்களே 'சரி' போட்டோம். ஏழே நிமிடம். பதினான்காம் விதிமுறை என்று தட்டச்சு செய்து, உறை போட்டு மாட்டினேன்.

மிஸ்டர் தியோ அதை இரண்டு தடவை படித்தார். "இதில் வாடிக்கையாளர் பெயர் எங்கேயும் வரவில்லையே?"

"கொடுத்தாலும் தொலைத்துவிடுவார்கள், மிஸ்டர் தியோ. நம்மிடம் இருந்தால் பத்திரம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்க்கையில் யோசித்தும் தப்பாகப் போட்ட கையெழுத்து அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடம் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு வேடிக்கை வெளியே வந்தது. ஒரே கணக்கு என்பதால், ஒருவர் சேமித்த படங்கள் மேலே போய் இன்னொருவர் கணினியில் இறங்கின. புக்கிட் மெர்தாஜாமில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்த குடும்பத்துக்கு, யாருடைய வயிற்றுப் புண்ணின் படமோ வந்து சேர்ந்தது. குளுகோரில் ஓய்வு பெற்ற தாதி ஒருவரின் திரையில், சட்டை இல்லாமல் கண்ணாடி முன்னால் புஜத்தை முறுக்கும் ஓர் இளைஞனின் படங்கள் நாற்பது. அந்த அம்மாள் குறை சொல்லக் கூப்பிடவில்லை. யார் என்று மட்டும் கேட்டார்.

மற்றவர்கள் குறை சொன்னார்கள். எவலின் உடனே அந்தக் கணக்கை மூடச் சொன்னார். 'அமைதியாக' என்ற சொல்லை அந்த மின்னஞ்சலில் மூன்று தடவை போட்டிருந்தார். மூடும்போது திரை கேட்டது: மனம் மாறினால் திரும்பத் திறக்க முப்பது நாள் அவகாசம் வேண்டுமா, அறுபது நாளா? அறுபது என்று அழுத்தினேன். இரண்டில் நீளமானதைக் கேள் என்பது மிஸ்டர் தியோ சொல்லிக் கொடுத்த பழக்கம். மஞ்சள் தாளில் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். எல்லா விதிமுறையும் தெரிந்தவள் என்று எனக்குக் கடையில் பெயர். அந்தக் கணக்குக்குள் நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத பக்கம் ஒன்று இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, நல்ல மழை. நாற்பத்தைந்து, ஐம்பது வயது ஆள் ஒருவர் முகப்புக்கு வந்தார். அவர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அவர் போட்டிருக்க வேண்டிய மழைக்கோட்டு கையிலிருந்த மடிக்கணினியைச் சுற்றியிருந்தது. பெயர் பெருமாள் என்றார். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வீடு நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில்.

நாற்காலியைக் காட்டினேன்.

"ஒக்காருங்கண்ணே. கடைசியா என்ன செஞ்சிக்கிட்டிருந்தீங்க?"

"சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."

"கம்ப்யூட்டர்ல."

"அது அதுபாட்டுக்கு அப்டேட் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. நான் தொடவே இல்லலா. கை கழுவிட்டு வந்து பாத்தா ஊதா கலர்ல என்னமோ கேக்குது."

திறந்து பார்த்தேன். நீலத் திரை. வட்டு பூட்டப்பட்டிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைத் தட்டவும் என்றது. இந்தக் கணினிகள் திருடர் கையில் சிக்கினாலும் உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்று, யாரும் கேட்காமலேயே தங்களைப் பூட்டிக்கொள்கின்றன. 'உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு' என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். என்றைக்காவது உள்ளே ஏதாவது மாறினால், உரிமையாளரையே திருடர் என்று நினைத்து எண் கேட்கும்.

"உள்ள இருக்கறதுல எது போனா ஒங்களுக்குத் தூக்கம் வராது?"

"அறுபத்துமூணு குடும்பத்தோட சம்பளச் சீட்டு."

அவர் சொன்னது இது. தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. தோட்டம் மூடப்பட்டபோது அங்கே வேலையில் இருந்ததற்கு ஆதாரம் காட்டும் குடும்பத்துக்கு ஒரு வீடு தருவதாக ஒப்புக்கொண்டது. பெருமாள் குடியிருப்பாளர் குழுவின் செயலாளர். இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சம்பளச் சீட்டுகளையும் வேலை அட்டைகளையும் வாங்கி, படியெடுத்து, கணினியில் ஏற்றி, அசலைத் திருப்பிக் கொடுத்தார். போன மழைக்காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் சன்னல் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் காகிதம் கூழாகிவிட்டது. இப்போது எல்லாம் இருப்பது இந்தக் கணினிக்குள்ளே மட்டும்.

"எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். அதுக்கப்புறம் வந்தா வாங்க மாட்டாங்களாம்."

பத்து நிமிடம் ஆகியிருந்தது. கேட்டேன். "வேற எதுலயாச்சும் காப்பி வச்சிருக்கீங்களாண்ணே?"

"பென்டிரைவ் ஒண்ணு வாங்கத்தான் பாத்தேன். ஒங்க கடப் பையன்தான் வேணாம்னான். அதெல்லாம் பழைய காலம் அண்ணே, எல்லாம் தன்னால மேல போயிடும், மேகத்துல பத்திரமா இருக்கும்னான்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "மேகத்துல இருக்குமில்லக்கா?"

இருக்காது. இணையக் கிடங்கான அந்த மேகத்தில் இலவசமாகக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அது புஜத்தை முறுக்கும் இளைஞனாலும் அவனைப் போன்றவர்களாலும் முதல் மாதமே நிரம்பிவிட்டது. பெருமாளின் காகிதம் ஒன்றுகூட மேலே போயிருக்காது. திரையின் அடியில், எண் எங்கே கிடைக்கும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது: இந்தக் கணினியைத் திறந்த கணக்கில். எந்தக் கணக்கு என்பதை எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை மூடியவள் நான். நான் திறந்து பார்க்காத பக்கம் இதுதான்.

கோப்பை எடுத்து மஞ்சள் தாளின் தேதியைப் பார்த்தேன். கணக்கை மூடி ஐம்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

எவலினைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன்.

"ஸ்டெல்லா, அதைத் திரும்பத் திறந்தால் என்ன அர்த்தம்? நம்மிடம் அது இருந்தது என்று அர்த்தம்" என்றார்.

"இருந்ததே."

"அப்படிச் சொல்லாதீர்கள். தரவு மீட்க முடியாதது என்று சொல்லுங்கள். வருத்தம் தெரிவியுங்கள். அடுத்த கணினிக்குப் பதினைந்து விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு கொடுங்கள். அவருடைய பயணத்தில் நாம் கூடவே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்."

அவருடைய பயணம் நிபோங் திபாலிலிருந்து மழையில் மோட்டாரில் வந்தது. அதில் எவலின் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை.

மிஸ்டர் தியோவிடம் போனேன். முழுக்கக் கேட்டார். பிறகு அவர் வழக்கப்படி வரிசையாகத் தொடங்கினார்.

"கணக்கு யார் பெயரில் இருக்கிறது?"

"என் பெயரில்."

"திரும்பத் திறக்க யாருக்கு உரிமை? விதியில் என்ன போட்டிருக்கிறது?"

"கணக்கின் உரிமையாளருக்கு."

"பின் எவலினை எதற்குக் கேட்டாய்?"

அவர் ஒரு மஞ்சள் தாளை என் பக்கம் தள்ளினார். வாடிக்கையாளருக்கென்று வைத்திருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். பெயர், கணினியின் எண், வந்த நேரம் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் கை நின்றது.

"எந்தப் பொத்தான், யார் அழுத்தியது. எழுது. எழுதியதைப் படி."

எழுதினேன். 'பழுதின் காரணம்: வாடிக்கையாளரின் பூட்டுக்கான எண்ணைக் கடை தன்னிடம் வைத்துக்கொண்டது. அதை வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை. பிறகு அழித்தது.' சத்தமாகப் படித்தேன். பெருமாள் முகப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ்டர் தியோ தாளை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "நானும் படித்துவிட்டுத்தானே போட்டேன், அந்தப் பதினான்கை" என்றார். இழுப்பறையிலிருந்து இரண்டு புதுப் பென்டிரைவை எடுத்துத் தந்தார்.

கணக்கைத் திறக்கப் போனால், எண்பத்தெட்டில் முடியும் தொலைபேசிக்கு ஓர் எண் அனுப்பட்டுமா என்று கேட்டது. அது ஜேசனுடையது. அவன் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் தண்ணீர் வடிகட்டி விற்கிறான் என்று கேள்வி.

"ஸ்டெல்லா அக்கா! என்னக்கா அதிசயம்!"

"ஒன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அத அப்படியே படிச்சுச் சொல்லு."

"சொல்றேன்கா, நேர்ல வாங்க. இன்னிக்கு ஷோரூமுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வந்தா எனக்கு டார்கெட் முடிஞ்சிடும். பத்தே நிமிஷம் டெமோ."

"டேய், நீ வித்த மேகத்துல இங்க ஒருத்தருக்கு மழை பேஞ்சிக்கிட்டிருக்கு."

"அப்ப அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு ஆளு."

முப்பது வருடம் விற்பனையாளர்களுக்கு நடுவில் இருந்தவள் நான். இவனோடு வாதாடுவதைவிடக் கடலைத் தாண்டுவது சுலபம். பெருமாளின் மோட்டாருக்குப் பின்னால் ஏறி, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஃபெரி துறைக்குப் போனேன். மழைக்கோட்டு இந்த முறையும் கணினிக்குத்தான். ஃபெரியில் பெருமாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கெடைக்குமாக்கா?"

"தெரியலண்ணே" என்றேன். கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் பழக்கம் எங்கள் பிரிவில் கிடையாது.

ஜேசனின் காட்சிக்கூடத்தில் ஆறு வடிகட்டிகள் நீல விளக்கில் நின்றன. ஒன்றின் பக்கத்தில் மடிக்கணினியை வைத்தோம். ஜேசன் பெருமாளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். விவரம் கேட்டதும் அவன் வாய் அடைத்துப்போனது. அப்படி ஒன்றை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவன் தொலைபேசி ஒலித்தது. ஆறு இலக்கத்தைப் படித்தான். என் தொலைபேசியில் தட்டினேன். 'மீண்டும் வருக!' என்றது திரை. அந்த ஆச்சரியக்குறியைப் போட்டவர் யாரென்று தெரிந்தால் நல்லது.

உள்ளே அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தேன். நாங்கள் விற்ற ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி. இருநூற்றுச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றிலும் நாற்பத்தெட்டு இலக்கம். எந்த வரி யாருடையது என்று பெயர் கிடையாது. ஆனால் நீலத் திரையின் மூலையில் எட்டு எழுத்துகள் கொண்ட அடையாளம் ஒன்று இருக்கும். பட்டியலில் அதே எட்டு எழுத்து இருக்கும் வரிதான் சரியான வரி. விரலால் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனேன். நூறைத் தாண்டினேன். பெருமாள் நின்றுகொண்டிருந்தார், ஜேசன் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நூற்று அறுபதுக்கு மேல் ஓரிடத்தில் எட்டு எழுத்தும் பொருந்தின. நம்பாமல் இன்னொரு தடவை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன்.

"நான் சொல்றேன், நீங்க தட்டுங்கண்ணே. ஆறு ஆறா சொல்றேன். அவசரம் வேணாம்."

அவர் ஒற்றை விரலால் தட்டினார். ஒவ்வோர் ஆறு இலக்கத்தையும் தட்டிவிட்டு எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். எட்டாவது தொகுதியும் முடிந்தது. திரை கறுத்தது. அது கறுத்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு மாரியம்மன் படம் போட்ட முகப்பு வந்தது. அதில் அறுபத்துமூன்று மஞ்சள் கோப்புகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தலைவர் பெயர்.

பெருமாள் முதலாவதைத் திறந்தார். கடைசியைத் திறந்தார். நடுவில் இரண்டைத் திறந்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

பென்டிரைவில் படியெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஜேசன் டெமோவை முடித்துவிட்டான். அவன் வாங்கச் சொல்லவில்லை, கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காததால் வாங்கிவிட்டேன். அது இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. அதற்கு ஒரு செயலி உண்டு. தண்ணீர் குடிக்கக் கணக்குத் திறக்கச் சொல்கிறது.

இரண்டாவது பென்டிரைவைச் செருகியபோது பெருமாள் கேட்டார்.

"ஏன்க்கா, இந்த நம்பர வாங்குன அன்னிக்கே எங்கிட்டக் குடுத்திருக்கலாமே?"

கோபமாகக் கேட்கவில்லை. விடை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண்ணாடியில் இருந்த பத்து நிமிடத்தைச் சொல்லலாம், எவலினைச் சொல்லலாம். மஞ்சள் தாளில் எழுதியதற்குப் பிறகு அப்படிப் பேச வாய் வரவில்லை.

"நீங்க தொலைச்சிடுவீங்கன்னு நெனச்சேண்ணே."

அவர் சிரித்துவிட்டார். "எங்க பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா முப்பது வருசச் சம்பளச் சீட்ட பிஸ்கட் டின்னுல வச்சிருந்துச்சு. மாசம் தவறாம. ஒண்ணுகூட கொறையல. எழுதப் படிக்கத் தெரியாது. தண்ணி வந்துதான் எடுத்துக்கிட்டுப் போச்சு, அது தொலைக்கல." திரையைக் காட்டினார். "அந்த ஆளுங்களா ஒரு நம்பரத் தொலைச்சிடுவாங்க?"

ஜேசன் வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெருமாள் அந்த வீடமைப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி பென்டிரைவைத் தொட மறுத்து, எல்லாம் காகிதத்தில் மூன்று படி வேண்டும் என்றாராம். பக்கத்து அச்சகத்தில் நாலே முக்கால்வரை அடித்துக் கொடுத்தார்கள். அறுபத்துமூன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. இதை அவர் தொலைபேசியில் சொன்னபோது பின்னால் பட்டாசு சத்தம் கேட்டது. தீபாவளி இல்லை.

கணக்கை மறுபடி மூடுவதற்கு முன்னால் பட்டியலை அச்சடித்துக்கொண்டேன். பதினான்காம் விதிமுறையைச் சுவரிலிருந்து கழற்றினேன். கவிதாவும் நானும் விற்பனைச் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். அவர்கள் கணினியின் அடையாளத்தை எப்படிப் பார்ப்பதென்று சொல்லி, அதற்குரிய எண்ணைப் படித்தோம். ஆறு வாரம் ஆனது. எவலின் இரண்டு கடிதம் அனுப்பினார். மிஸ்டர் தியோ இரண்டையும் கோப்பில் வைத்தார். வாடிக்கையாளர்கள் பேனாவை எடுத்து, நாற்பத்தெட்டையும் எழுதி, பெருமாளைப் போலவே திரும்பப் படித்துக் காட்டினார்கள். குளுகோர் தாதி அம்மாள் அந்த இளைஞனின் எண்ணையும் கேட்டுப் பார்த்தார். முடித்ததும் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு, எண் தொலைந்துவிட்டது என்று கடைக்கு ஒருவர்கூட வரவில்லை என்று கவிதா சொல்கிறாள்.

எனக்குத் தெரிந்து தொலைத்தவர் ஒருவர்தான். ஊழியர் விலையில் நான் வாங்கிய மடிக்கணினியும் அதே கணக்கில் திறந்ததுதான். போன வாரம் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு நீலத் திரையைக் காட்டியது. எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வைத்தேன். தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.